அப்பாவின் காகிதத்துக்கு முன்னால் தாத்தாவின் காகிதம்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை எடுத்துவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, என் அப்பா போன பிப்ரவரியில் பெங்களூருவில் ஒரு மருத்துவமனையில் இறந்துவிட்டார். வயது 66. உயில் எழுதவில்லை. அம்மா, நான், தங்கை, தம்பி என நாங்கள் நாலு பேர். எனக்கும் தங்கைக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. தம்பிக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு 86 வயது, எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். ஊரில் 4 ஏக்கர் 80 சென்ட் நிலம், 1972-இல் தாத்தா கிரயம் வாங்கியது. அவர் 1998-இல் தவறிவிட்டார். அதன்பின் அப்பாவும் சித்தப்பாவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்பா பாகத்தில் மாந்தோப்பு. பத்திரம் எதுவும் போடவில்லை, பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான். அத்தை ஒருவர் சேலத்தில் இருக்கிறார். இதுபோக 2009-இல் அப்பா வாங்கிய வீடு. வங்கியில் 3 லட்சத்து 80 ஆயிரம் டெபாசிட், அதற்கு நாமினி இல்லை. சேமிப்புக் கணக்குக்குத் தம்பி நாமினி. வாரிசு சான்றிதழுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும் ரிட்டர்ன் ஆகிவிட்டது. 15,000 கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வங்கியில் கோர்ட் சான்றிதழ் கேட்கிறார்கள். தம்பியோ எங்கள் பங்கை விட்டுக்கொடுத்துவிடும்படி, என்னையும் தங்கையையும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறான். நாலு மாதமாக அலைகிறேன். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

முப்பது வருஷத்துக்கு மேல் வருவாய்த் துறையில் இருந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் நிற்கும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைக்கழித்தவர்கள் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானதுதான். ஆனால் நீங்கள் அனுப்பிய நகல்களைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது வேறு. அலுவலகத்தில் எல்லோரும் ஒழுங்காக இருந்திருந்தாலும் உங்கள் மனு ரிட்டர்ன்தான் ஆகியிருக்கும். காகிதத்திலேயே முடிச்சு இருக்கிறது. அதை அவிழ்க்காமல் 15,000 கொடுத்தாலும் நிற்காது.

முதலில் இறப்புச் சான்றிதழ். பட்டா, வங்கி எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அப்பாவின் இறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றையும் கட்டிலில் வரிசையாகப் பரப்பி, ஒரு பென்சிலோடு உட்காருங்கள். பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள், இனிஷியலையும் சேர்த்து. நம் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கடம் இது. தமிழில் முனியப்பன் என்று இருப்பவர் ஓசூரைத் தாண்டியதும் முனியப்பா ஆகிவிடுவார், தெலுங்கு பேசும் சொந்தக்காரர் எழுதிக் கொடுத்தால் கடைசியில் ஒரு 'லு' சேரும். ஊரில் யாருக்கும் குழப்பம் இல்லை. கணினிக்கு மூவரும் மூன்று ஆள். உங்கள் அப்பாவுக்கு நடந்திருப்பதும் இதேதான்: மருத்துவமனையில் சேர்த்தபோது யாரோ சொன்ன பெயர் அப்படியே இறப்புச் சான்றில் ஏறியிருக்கிறது, இனிஷியலும் இல்லை. இரண்டு முறையும் ரிட்டர்ன் குறிப்பில் 'பெயர் வேறுபாடு' என்றுதான் இருக்கிறது. அந்த வரியை உங்களுக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

இதை உங்கள் ஊர் விஏஓவால் திருத்த முடியாது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. குடியிருந்த ஊரில் இல்லை. பெங்களூருவில் பதிவான தவறைப் பெங்களூருவில் பதிந்த பதிவாளர்தான் திருத்த வேண்டும். சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது: பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதி, திருத்திய சான்று தருவார்கள். மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் ஒரு கடிதம், அப்பாவின் ஆதார், வீட்டுப் பத்திர நகல், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் கொடுத்த வாக்குமூலம் ஆகியவற்றோடு போங்கள். கன்னடம் தெரிந்த ஒருவரை அழைத்துப் போனால் ஒரு நாள் மிச்சம். கிடைத்ததும் பத்துப் பிரதிகளாவது எடுத்துவிடுங்கள். வங்கி, மின்வாரியம், சார்பதிவாளர், கூட்டுறவுச் சங்கம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒன்று கேட்பார்கள்.

சரி, அடுத்தது வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் 60 ரூபாய். மனு விஏஓவிடம் போய், ஆர்ஐ என்கிற வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாரிடம் ஏறும். விஏஓ ஊரில் விசாரிப்பார், அக்கம்பக்கத்தாரிடம் வாக்குமூலம் வாங்குவார். நீங்கள் இரண்டு முறை போட்ட மனுவிலும் வாரிசுகளாக நாலு பேர்: அம்மா, நீங்கள், தங்கை, தம்பி. பாட்டி பெயர் இல்லை.

இது நான் எத்தனையோ முறை பார்த்த தவறு. பர்கூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஆர்ஐயாக விசாரணைக்குப் போயிருந்தேன். திண்ணையில் கூட்டம். மனுவை நான் வாசிக்க வாசிக்க எல்லோரும் தலையாட்டினார்கள். மனைவி, இரண்டு மகன், ஒரு மகள், முடிந்தது. ஓரத்தில் ஒரு கிழவி, கால் நீட்டி உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டையைத் தட்டித் தள்ளும் சத்தம் நின்றது. "எம்புள்ள செத்ததுக்கு எம் பேரு இல்லியா சாமி?" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. அவளை ஏமாற்ற வேண்டும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நினைப்பே வரவில்லை, அவ்வளவுதான். மனுவைத் திருப்பி எழுத வைத்தேன்.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஆண் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன், மகள், அப்புறம் பெற்ற தாய். தாய்க்கும் பிள்ளைக்குச் சமமான பங்கு. ஆகவே உங்கள் வீட்டில் வாரிசு ஐந்து பேர். 2009-இல் அப்பா வாங்கிய வீடும் வங்கிப் பணமும் ஐந்தாகத்தான் பிரியும். பாட்டியை விட்டுவிட்டு வாங்கிய சான்றிதழ் பிறகு ஒரு நாள் சித்தப்பா மகன் கையில் ஆயுதமாகிவிடும். மூன்றாவது மனுவில் ஐந்து பேரையும் போடுங்கள். இன்னொன்று: வாரிசு சான்று யார் யார் வாரிசு என்றுதான் சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. பங்கு பிரிக்கத் தாசில்தாருக்கு அதிகாரம் கிடையாது.

இப்போது நிலத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இதைத்தான் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள், பெரிய சிக்கலும் இதில்தான்.

நிலம் தாத்தா சொந்தமாகக் கிரயம் வாங்கியது. அவரும் உயில் எழுதாமல் 1998-இல் தவறியிருக்கிறார். அந்த நிமிஷமே அவருடைய வாரிசுகள் நாலு பேருக்கு நிலம் இறங்கிவிட்டது: பாட்டி, அப்பா, சித்தப்பா, அத்தை. ஆளுக்குக் கால் பங்கு. 'பெண்களுக்கு 2005-க்கு அப்புறம்தானே சொத்து' என்று நம் ஊர் டீக்கடையில் ஒரு சட்டம் ஓடுகிறது. அது பிறப்பால் உரிமை வரும் பூர்வீகச் சொத்துக்கான பேச்சு. அதற்குத் தமிழ்நாட்டில் 1989-இலேயே திருத்தம் வந்தது, மத்திய திருத்தம் 2005-இல், உச்ச நீதிமன்றம் அதை 2020-இல் தெளிவாக்கியது. ஆனால் அப்பன் சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1956-இலிருந்தே இருக்கிறது. ஆகவே உங்கள் அத்தைக்கு 1998-இலேயே பங்கு வந்துவிட்டது. அவர் கேட்டாரா இல்லையா என்பது வேறு விஷயம்.

கணக்கைப் பாருங்கள். 480 சென்டில் ஆளுக்கு 120. அப்பாவின் 120 இப்போது ஐந்து பேருக்குப் போகிறது, ஆளுக்கு 24. அதாவது அம்மாவுக்கு 24 சென்ட், உங்களுக்கு, தங்கைக்கு, தம்பிக்கு ஆளுக்கு 24. பாட்டிக்குத் தன் கணவர் வழியில் வந்த 120, மகன் வழியில் வந்த 24, ஆக 144 சென்ட். சித்தப்பாவுக்கு 120, அத்தைக்கு 120. நீங்கள் நாலு பேரும் சேர்ந்தால் 96 சென்ட். அனுபவத்தில் இருப்பதோ 2 ஏக்கர் 40 சென்ட்.

இதைப் படித்ததும் தம்பிக்கு வயிறு கலங்கும். கலங்கட்டும். உங்களிடமும் தங்கையிடமும் அவர் கையெழுத்துக் கேட்பது 240 சென்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பில். நீங்கள் இருவரும் சேர்ந்து விட்டுக்கொடுத்தாலும் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 48 சென்ட்தான். இல்லாத உரிமையை விடுதலைப் பத்திரத்தால் உண்டாக்க முடியாது. முப்பது வருஷம் உழுதோமே என்றால், கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் உழுதது எல்லோருக்காகவும் உழுததாகத்தான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்பாவும் சித்தப்பாவும் வாய்வழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் அவர்களுக்குள் சரி. அதில் பாட்டியும் அத்தையும் சம்மதித்தார்கள் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருந்தாலும் கதை மாறியிருக்கும். இல்லை என்கிறீர்கள்.

பாட்டிக்கு 86 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துத்தான் மற்ற கடிதங்களை நிறுத்திவிட்டு உங்களுக்கு முதலில் பதில் எழுதுகிறேன். நிலத்தில் பெரிய பங்குக்காரர் இன்றைக்கு அவர்தான். அவர் எதுவும் எழுதாமல் போய்விட்டால் அந்த 144 சென்ட் மூன்றாகப் பிரியும்: சித்தப்பாவுக்கு 48, அத்தைக்கு 48, இறந்துபோன மகனுடைய பிள்ளைகளான உங்கள் மூவருக்கும் சேர்த்து 48. அதில் உங்கள் அம்மாவுக்கு ஒரு சென்ட்கூட வராது. முப்பத்தைந்து நாற்பது வருஷம் மாமியாருக்குச் சோறு போட்டவர் அம்மாதான், ஆனால் மாமியார் சொத்துக்கு மருமகள் வாரிசு இல்லை. வீட்டிலும் அப்படியே: பாட்டியின் ஐந்தில் ஒரு பங்கில் சித்தப்பாவும் அத்தையும் பங்குக்காரர்களாக உள்ளே வருவார்கள். இன்றைக்கு ஐந்து பேர் கையெழுத்தில் முடிகிற வீட்டுக்கு, அப்போது ஆறு பேர் கையெழுத்து வேண்டும்.

பாட்டி தன் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், அது அவருடைய முழு உரிமை. உங்களுக்குச் சாதகமாக எழுத வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் மனசில் இருப்பதைக் கேளுங்கள், சித்தப்பாவும் அத்தையும் உடன் இருக்கும்போது கேளுங்கள். தனியாகக் கூட்டிப் போய் எழுதிய பத்திரம்தான் பின்னால் கோர்ட்டுக்குப் போகும். என் அனுபவத்தில் இந்த வயதில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் எளிமையாகவே இருக்கும்: பொண்ணுக்கும் கொஞ்சம் குடு, மீதியைப் பசங்களுக்குச் சரிசமமாப் போடு என்பார்கள்.

அவர் சொன்னபடி எல்லோரும் ஒப்புக்கொண்டால், விடுதலைப் பத்திரம், செட்டில்மென்ட் என்று தனித்தனியாகப் போக வேண்டாம். பாட்டி, சித்தப்பா, அத்தை, அம்மா, நீங்கள் மூவர் என ஏழு பேரும் சேர்ந்து ஒரே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவது நல்லது என்பது என் கருத்து. குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஒரு பாகத்துக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலைக்கு முன்னால் இந்த உச்சவரம்பு 25,000, 4,000 என்று இருந்தது. தள்ளிப்போட்டவர்களுக்கு இதுவும் ஒரு செலவு. பத்திரத்தில் எல்லையை எழுதும்போது 'கிழக்கே வரப்பு' என்று மட்டும் விடாதீர்கள். கிணறு யார் பக்கம் விழுகிறது, மோட்டாருக்குத் தண்ணீர் முறை என்ன, டிராக்டர் போகும் வழி எது, மூன்றும் எழுத்தில் வர வேண்டும். மாமரத்தை எண்ணி எழுதுகிறவர்கள் கிணற்றுப் பாத்தியத்தை மறந்துவிடுவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பதிவுக்கு முன்னால் சர்வேயரை வைத்து அளந்துவிட்டால், பின்னால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குவது சுலபம். அளக்காமல் பதிந்தால் பட்டா கூட்டுப்பட்டாவாகவே நிற்கும்.

இந்தப் பத்திரத்துக்கு அடிப்படை தாத்தாவின் காகிதங்கள். அதனால்தான் அப்பாவின் பட்டா மாறுதலுக்கு இப்போதே போகாதீர்கள் என்கிறேன். பட்டாவில் அப்பா பெயரே இல்லாதபோது அவர் பெயரிலிருந்து எதை மாற்றுவார்கள்? தாத்தாவுக்கு இறப்புச் சான்று, அவர் பெயரில் வாரிசு சான்று, இரண்டும் வேண்டும். அதில் பாட்டி, சித்தப்பா, அத்தை, இறந்துபோன மகன் என்று அப்பா, நாலு பெயரும் வர வேண்டும். 1998 இறப்பு பதிவாகியிருக்கிறதா என்று விஏஓவிடம் கேளுங்கள். பழைய பதிவேடு அவரிடம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் தேடச் சொல்லலாம். பதியவே இல்லை என்றால், ஓராண்டு தாண்டிய இறப்பைப் பதியக் கோட்டாட்சியர் உத்தரவு வாங்க வேண்டும். கிருஷ்ணகிரி கோட்டமோ ஓசூர் கோட்டமோ, உங்கள் வட்டம் எதில் வருகிறதோ அங்கே மனு. நாளாகும். ஆகவே இதை இன்றே தொடங்குங்கள், அப்பாவின் வாரிசு சான்று வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டும் தனித்தனியாக ஓடட்டும்.

1972 கிரயப் பத்திரத்தில் 'தருமபுரி மாவட்டம்' என்று இருப்பதைப் பார்த்து, இது நம் நிலம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை வேண்டாம். சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது 1965 அக்டோபர் 2-இல், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9-இல். அதற்குள் எழுதிய பத்திரம் தருமபுரி என்றுதான் இருக்கும், தாய்ப்பத்திரம் இன்னும் பழசாக இருந்தால் சேலம் ஜில்லா என்று இருக்கும். சர்வே எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எண்பதுகளில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், நாங்கள் யுடிஆர் என்போம், பல இடங்களில் உட்பிரிவு எண் மாறியது. பத்திரத்து எண்ணும் பட்டா எண்ணும் ஒத்துவரவில்லையென்றால் சர்வே எண் வாரியாக நில விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டு நகலும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும் வாங்கி ஒப்பிடுங்கள். வில்லங்கச் சான்று போடும்போது நிலம் முன்பு வேறு சார்பதிவாளர் எல்லையில் இருந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்திருந்தால் இரண்டு இடத்துக்கும் போட வேண்டும்.

வங்கி விஷயம் இதோடு ஒப்பிட்டால் சின்னது. நாமினி இல்லாத டெபாசிட் என்றாலே கோர்ட் சான்றிதழ் என்று சொல்வது பழக்கதோஷம். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையில், நாமினி இல்லாவிட்டாலும், வாரிசுகளுக்குள் தகராறு இல்லையென்றால், வணிக வங்கிகள் 15 லட்சம் ரூபாய் வரை எளிய முறையில் தீர்க்க வேண்டும். கூட்டுறவு வங்கிகளுக்கு அந்த வரம்பு 5 லட்சம். 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கிகளும் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு வைத்திருந்தார்கள். உங்களுடையது 3 லட்சத்து 80 ஆயிரம். உரிமை கோரும் படிவம், இறப்புச் சான்று, வாரிசு சான்று, உறுதிமொழிப் பத்திரம், பணம் வாங்காத வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைக் கொடுத்துத் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 15 நாளில் முடிக்க வேண்டும். முடியாது என்றால் எழுத்தில் கேளுங்கள். முக்கால்வாசி இடங்களில் 'எழுத்தில் கொடுங்கள்' என்றதும் மேனேஜர் படிவத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார். அதற்கும் அசையவில்லையென்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை.

சேமிப்புக் கணக்குப் பணத்தை வங்கி தம்பியிடம்தான் கொடுக்கும், அவர் நாமினி. அதற்காக அது அவருடைய பணமாகிவிடாது. காப்பீட்டுப் பணம் பற்றிய ஒரு வழக்கில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: நாமினி வாங்கும் கை மட்டும்தான், சொந்தம் வாரிசுகளுக்கு. அப்பாவின் ஏடிஎம் அட்டையை யாராவது இன்னும் உபயோகித்துக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பாசத்தில் எடுத்ததாக இருந்தாலும் பின்னால் கணக்குக் கேட்கும்போது நன்றாக இருக்காது.

சில்லறை வேலைகள் சில. கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா பெயரில் பயிர்க்கடனோ நகைக்கடனோ இருக்கிறதா என்று கேட்டு, இருப்பு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் கடனுக்குப் பொறுப்பு. பிஎம் கிசான் பணம் அவர் கணக்கில் இன்னும் விழுகிறது என்றால் வேளாண்மை அலுவலகத்தில் சொல்லி நிறுத்துங்கள், இறந்தபின் வந்த தவணையைத் திருப்பிக் கேட்பார்கள். அந்தத் திட்டத்துக்கு 2019 பிப்ரவரி 1-இல் நிலம் பெயரில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் இறப்பினால் வாரிசாக வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. நிலம் உங்கள் அம்மா பெயருக்கு வந்தபின் அவர் புதிதாக விண்ணப்பிக்கலாம். கிணற்று மின் இணைப்பைப் பாகப்பிரிவினை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம், இப்போது அவசரமில்லை.

அப்புறம் அந்த 15,000. அரசுக் கட்டணம் 60 ரூபாய் என்று சொல்லிவிட்டேன். லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று 2018-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கட்டாயத்தில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். கேட்டவர் மேல் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போக உங்களுக்குத் துணிவிருந்தால் போங்கள். எல்லோருக்கும் அது இருப்பதில்லை, நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாமலும் வழி இருக்கிறது. திருத்திய சான்றோடு, ஐந்து பெயரோடு மூன்றாவது மனுவைப் போடுங்கள். பழைய ரிட்டர்ன் குறிப்புகளை இணைத்து, 'இந்தக் குறை நிவர்த்தி செய்யப்பட்டது' என்று ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். திருப்பி அனுப்பக் காரணம் இல்லாத மனுவைத் திருப்ப யாருக்கும் தைரியம் வராது. அப்படியும் மூன்று வாரம் ஒரே மேஜையில் கிடந்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். கோப்பு யாரிடம் எத்தனை நாள் இருந்தது என்று 10 ரூபாய்க்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த மனு மேஜைக்கு வந்த அன்றைக்கே அசல் கோப்பு நகர்ந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் மேஜையிலும் நடந்ததுதான், மறைப்பானேன். பட்டா கட்டம் வரும்போது கோடையில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியையும், அதாவது வருடாந்தர வருவாய்க் கணக்குத் தணிக்கையையும், விட்டுவிடாதீர்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். கணக்கு எழுதிய தாளை அவரிடம் காட்டுங்கள், வாதம் செய்ய வேண்டாம். வீட்டில் உங்கள் பங்கை அவருக்கோ அம்மாவுக்கோ விட்டுக்கொடுக்க விருப்பம் என்றால், அம்மாவுக்கு என்ன என்று முடிவான பிறகு செய்யுங்கள். கல்யாணத்தில் நகை போட்டார்கள் என்பது பங்கை ரத்து செய்யாது. ஆனால் பதிந்த விடுதலைப் பத்திரத்தைத் திரும்ப ரத்து செய்வது மிகக் கடினம்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை. பாட்டியின் கட்டைவிரலைப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆதாரோடு விரல்ரேகையை ஒப்பிடுவார்கள். காலமெல்லாம் களை எடுத்து, புளி உடைத்து, பாத்திரம் தேய்த்த விரலில் ரேகையே இருக்காது, இயந்திரம் திரும்பத் திரும்ப மறுக்கும். பக்கத்து ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போய் விரலும் கண்ணும் பதிகிறதா என்று பார்த்து, தேவையென்றால் புதுப்பித்துவிடுங்கள். நடக்க முடியாத நிலை என்றால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதியலாம், 1908 பதிவுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் அதற்கு இடம் உண்டு, தனிக் கட்டணம் கட்ட வேண்டும். மருத்துவரிடம், நினைவோடும் தெளிவோடும் இருக்கிறார் என்று ஒரு சான்றும் வாங்கி வையுங்கள். சார்பதிவாளர் வரும் அன்றைக்கு அத்தையைச் சேலத்திலிருந்து முதல் நாளே வரச் சொல்லிவிடுங்கள்.